கறையக்கா கேட்காத கேள்வி

கறையக்காவிடம் பொய் சொல்ல முடியாது என்றெல்லாம் இல்லை. தாராளமாகச் சொல்லலாம். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நாம் சொன்ன பொய்க்கு என்ன வைத்தியமோ அதைத் துணிக்குச் செய்து, மடித்து, நம் கையில் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் கஷ்டம்.

எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு அப்படித்தான் ஆனது. ஒரு திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் சிவப்பாக எதையோ அப்பிக்கொண்டு வந்தார். தக்காளி சாஸ் என்றார். அக்கா வினிகர் தொட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் கொடுத்தார். கறை போவதற்குப் பதிலாகத் துணியோடு ஒன்றிப்போய்க் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. காரணம், அது ரத்தம். மகளின் ஸ்கூட்டியை ஓட்டிப் பழகப்போய் முள்வேலியில் விழுந்ததை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீரும் கல்லுப்பும்தான். சூடு பட்டால் முடிந்தது. புதுச் சட்டை இப்படி ஆகிவிட்டதே என்று அவர் சண்டைக்குப் போனபோது அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சாஸுன்னு சொன்னீங்க. சாஸுக்குப் பண்ணுனேனுங்க.”

இந்தக் கதையை நான் ஒரு மாதம் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். படித்த மனுஷன், ஒரு கறைக்காகப் பொய் சொல்வாரா என்று கேண்டீனில் தீர்ப்பு வேறு வழங்கினேன்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் “ஆகிவிடும்” என்று சொல்கிற வேலை. இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அக்காவின் பெயர் என்னவென்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தைத்து வரும் உருப்படிகளைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவின் கடைசியில், ஜன்னலை ஒட்டி அவர் மேஜை. உருப்படியில் கறை இருந்தால் அவரிடம் போகும். முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவரைக் கறையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். நான் அந்தக் கம்பெனியை விடுவதற்கு முன்பே அவர் நின்றுவிட்டார். அவர் புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆயிரக்கணக்கான டி-ஷர்ட் படங்கள் இருக்கின்றன.

கறை எடுக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி கம்பெனியில் உண்டு. உள்ளே மருந்து ஊற்றி அடித்தால் கறை பறந்துவிடும், மூக்கும் கூடவே போகும். அக்கா அதை ஆணியில் மாட்டியே வைத்திருந்தார். மேஜைமேல் பழைய ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். வடித்த கஞ்சி, புளித்த மோர், புளிக்கரைசல், சோடா உப்பு, கல்லுப்பு, சோள மாவு, பொடித்த சாக்பீஸ். மிஷின் எண்ணெய்க்குச் சாக்பீஸ் பொடி, துருவுக்கு எலுமிச்சையும் உப்பும், பேனா மைக்குப் பால். சில நாள் மத்தியானம் அந்த மேஜையில் கறை எடுக்கிறார்களா சமைக்கிறார்களா என்று புதிதாக வந்தவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். அவர் வீட்டுக்காரருக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை. பித்தளை விளக்கி விளக்கிப் பழகிய கை தன்னுடையது என்று ஒருமுறை சொன்னார். “பாத்திரம் அடிச்சாத் தாங்குமுங்க. துணி தாங்காது. கேட்டுக் கேட்டுத்தான் பண்ணோணும்.”

கேட்பது என்றால் மூன்றே கேள்வி. என்ன கொட்டுச்சு, எப்பக் கொட்டுச்சு, கொட்டுனதுக்கப்பறம் என்ன பண்ணுனீங்க. இந்த மூன்றாவது கேள்வியில்தான் ஜனங்கள் மாட்டுவார்கள். கொட்டியதை ஒத்துக்கொள்கிறவர்கள்கூட அதன்பின் தாங்கள் செய்த அசட்டுத்தனத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் கொட்டியது என்று மட்டும் அவர் கேட்டதே இல்லை. தையல் சூப்பர்வைசர் ஒருமுறை ஒரு பெட்டி நிறைய டீ விழுந்த உருப்படிகளைக் கொண்டுவந்து, “எவ பண்ணுனான்னு இவளுககிட்ட கேளுங்கக்கா, உங்ககிட்டன்னாச் சொல்லுவாளுக” என்று நின்றார். அக்கா, “யாருன்னு தெரிஞ்சாக் கறை போயிருமுங்களா?” என்றார். கிண்டலாக இல்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்பது போலத்தான் இருந்தது. சூப்பர்வைசர் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு அதே கம்பெனியில் சாம்பிள் தைக்கும் பிரிவில் இருந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சுடிதாரின் பின்பக்கம் கறை பட்டுவிட்டதாம். எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தவளிடம், அந்தப் பக்கமாகப் போன அக்கா ஒரு வார்த்தை பேசாமல் தன் வேலைக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவள் மாற்றி வைத்த சுடிதார் சாயங்காலம் உலர்ந்து, மடித்து, காகிதத்தில் சுற்றி அவள் மிஷின்மேல் இருந்ததாம். அதற்குப் பின் அந்தப் பேச்சை அக்கா எடுக்கவே இல்லை என்றாள். நான் அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய், நல்ல மனுஷி என்றேன். நல்ல மனுஷிகளைப் பாராட்டுவதில் நான் எப்போதுமே முன்வரிசை.

இனி என் விஷயம்.

முதலாளி மீட்டிங் அறைக்கு ஒரு கார்ப்பெட் போட்டார். வெண்ணெய் நிறம், தரையோடு பசை வைத்து ஒட்டியது. வெளிநாட்டுக்காரன் உள்ளே வந்ததும் முதலில் தரையைத்தான் பார்ப்பான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த அறைக்குள் செருப்பு கிடையாது, டீ கிடையாது, சாப்பாடு கண்டிப்பாகக் கிடையாது. கதவில் இதை எழுதி ஒட்டியவனே நான்தான். நான்கு வரி, மூன்று இலக்கணப் பிழை.

ஒரு மே மாதம், மறுநாள் காலையில் ஒரு பெரிய வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. கம்பெனியைப் பற்றி நான்தான் ஆங்கிலத்தில் பேசவேண்டும். மத்தியானம் எல்லோரும் கேண்டீனுக்குப் போனதும், ஒத்திகை பார்க்கலாம் என்று மீட்டிங் அறைக்குள் போனேன். ஏசி ஓடியது. டிபன் கேரியரும் கையோடு இருந்தது. வாசலில் இருந்த அறிவிப்பு மற்றவர்களுக்கானது என்று நினைத்துக்கொண்டேன். இடது கையில் முருங்கைக்காய் சாம்பார் கிண்ணம், வலது கையில் கரண்டி. கரண்டியால் சுவரில் இருந்த புரொஜெக்டர் திரையைக் காட்டி, “எங்கள் கம்பெனியில் குறை என்ற பேச்சுக்கே இடமில்லை” என்பதை ஆங்கிலத்தில் அழுத்தமாகச் சொன்னேன். அந்த அழுத்தத்தில் இடது கை சாய்ந்துவிட்டது.

ஜன்னல் பக்கத்துச் சுவரோரம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சள்.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது இருபதடி நடந்து அக்காவைக் கூப்பிடுவது. நான் செய்தது, டீ போடும் மூலைக்கு ஓடி, கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரையும் பாத்திரம் விளக்கும் பச்சை சோப்பையும் ஒரு தேங்காய் நாரையும் எடுத்துவந்ததுதான். ஊற்றித் தேய்த்தேன். தட்டு தாம்பாளம் ஆனது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். மஞ்சள் என் கண்ணெதிரே சிவக்க ஆரம்பித்தது. இரண்டு நிமிஷத்தில் அந்த இடம் யாரையோ வெட்டிப் போட்டதுபோல் ஆகிவிட்டது. முருங்கைக்காயைப் பொறுக்கினேன். ஒரு நாற்காலியை இழுத்து மேலே போட்டேன். அறையை விட்டு வெளியே வந்து, தண்ணீர் குடித்து, என் இடத்தில் உட்கார்ந்து, ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். பதில் நன்றாகவே வந்திருந்தது.

இரண்டு மணிக்குக் கூட்டிப் பெருக்க வந்த பெண் நாற்காலியை நகர்த்தியிருக்கிறாள். ஒடிசாவிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பார்த்ததை உடனே போய்ச் சொன்னால் நல்லது என்று நம்பி, நேராக அட்மின் அதிகாரியிடம் ஓடிச் சொல்லிவிட்டாள். அவர் தெற்கத்திக்காரர், குரல் மூன்று அறை தாண்டும்.

“இந்த ரூமுக்கு உன்னத் தவிர வேற யாரு வாரா? என்னத்தப் போட்டுத் தேச்ச? சொல்லு.”

“மாலும் நஹி சார். தெரியாது சார். நான் இல்ல சார்.”

“நாளைலேர்ந்து வராண்டாம். போ.”

சத்தம் கேட்டு நாலைந்து பேர் கூடியிருந்தோம். நானும் இருந்தேன். அப்போது நான் பேசாமல் நின்றேன் என்று எழுதினால் அது என்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாக எழுதுவதாகும். நான் பேசினேன். “பாவம் சார், தெரியாமப் பண்ணியிருப்பாங்க. விட்டிருங்க” என்றேன். அவளுக்காகப் பரிந்து பேசிய ஒரே ஆள் நான்தான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கொஞ்சம் கருணையோடு தலையை அசைத்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

கறையக்காவைக் கூப்பிட்டார்கள். பாட்டில்களைக் கம்பிக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மண்டியிட்டு முகர்ந்து பார்த்தார். விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். நிமிர்ந்து, பொதுவாக எல்லோரையும் பார்த்து, “என்ன கொட்டுச்சுங்க?” என்றார்.

அட்மின் அதிகாரி அந்தப் பெண்ணைக் கை காட்டினார். அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

“தெரியலீன்னா விடு கண்ணு” என்றார் அக்கா. பிறகு எங்களிடம், “எல்லாரும் போயி உங்க வேலையப் பாருங்க. நானு இங்கியேதான் இருப்பேன். என்ன, எப்ப, அப்பறம் என்ன பண்ணுனாங்கன்னு தெரிஞ்சவீங்க ஒருத்தரு வந்து சொன்னாப் போதும். அது தெரியாமக் கை வெச்சா இன்னமும் கெட்டுப்போயிருமுங்க” என்றார்.

எல்லோரும் கலைந்தோம். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். காலையில் வாடிக்கையாளர் வரும்போது அந்தச் சிவப்பு அங்கே இருந்தால் பேசப்போவது நான்தான் என்ற யோசனைதான் கடைசியில் என்னை உள்ளே தள்ளியது. மனசாட்சி என்று சொல்ல ஆசைதான்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

“அக்கா, எனக்கு ஒரு யூகம். அது சாம்பாரா இருக்கலாமுங்க.”

“சரிங்க தம்பி. எப்ப இருக்கலாமுங்க?”

“ஒன்னேகால் மணி வாக்குல இருக்கலாம்.”

“அப்பறம்?”

“அப்பறம்னா? ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க.”

அவர் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வெட்டாமல், உருட்டிக்கொண்டே இருந்தார்.

“சோப்புப் போட்டிருக்கலாமுங்க” என்றேன்.

“என்ன சோப்புன்னு யூகமுங்க?”

“பச்சை. பாத்திர சோப்பு.”

“தண்ணி?”

“வெந்நீர். கெட்டில் வெந்நீரா இருக்கலாம்.”

“தேச்சிருப்பாங்களாட்ட?”

“தேங்காய் நாருல. கொஞ்சம் பலமாவே.”

“முருங்கைக்காயிங்களா, கத்திரிக்காயிங்களா?”

“முருங்கைக்காய்” என்றேன். யூகம் என்ற சொல்லை அதற்குமேல் இழுக்க எனக்கே கூச்சமாக இருந்தது. எந்தக் காய் என்று அவருக்கு ஏன் தெரியவேண்டும் என்று பிறகுதான் கேட்கத் தோன்றியது. அக்கா சிரிக்கவும் இல்லை, முகம் மாறவும் இல்லை. பழத்தை வெட்டினார்.

“மஞ்சளுக்குச் சோப்பு ஆகாதுங்க, செவந்துபோயிரும். சோடா உப்பும் ஆகாது. முதல்ல எண்ணெய எடுக்கோணும்.”

சோள மாவைக் கறைமேல் கெட்டியாகத் தூவிக் காத்திருந்தார். எண்ணெயை உறிஞ்சிக்கொண்ட மாவை அட்டையால் வழித்தெடுத்தார். பிறகு கட்டிங் மேஜையில் மீந்த வெள்ளைப் பனியன் துணியை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றினார். தேய்க்கவே இல்லை. ஒற்றுவது, துணியின் வேறு இடத்தைத் திருப்புவது, மறுபடி ஒற்றுவது. சிவப்பு மெல்ல மஞ்சளாகத் திரும்பியது. மஞ்சளும் இளைத்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பின் அந்த இடம் மஞ்சள் காமாலை வந்த முகம்போல் இருந்தது.

“இதுக்கு மேல கையில ஒண்ணுமில்லீங்க. வெயிலுதான். மஞ்சளு வெயிலுல நிக்காது.”

கார்ப்பெட்டைப் பெயர்த்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோக முடியாது. மேற்கு ஜன்னலைத் திறந்தால் வெயில் அறையின் நடுவில் விழுந்தது. கறை கிடந்த சுவரோரம் நிழல். அக்கா பெண்கள் ஓய்வறையில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவரச் சொன்னார். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அறை நடுவில் வெயிலில் நின்று, வெளிச்சத்தைக் கறைமேல் திருப்ப வேண்டும். சூரியன் நகர நகர நானும் நகர வேண்டும்.

மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை நின்றேன். மீட்டிங் அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் இரண்டு தரம் போனார். ஒவ்வொரு கால் மணிக்கும் அக்கா கறையை ஈரப்படுத்திவிட்டு, “தம்பி, கை எறங்குது” என்பார். நான் ஏற்றுவேன். ஆங்கிலம் பேசவென்று வாங்கிய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இந்த இரண்டு மணி நேரத்தில் அவர் கேட்டுவிடுவார் என்று ஒவ்வொரு நிமிஷமும் எதிர்பார்த்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“யாருன்னு கேக்க மாட்டீங்களா அக்கா?”

“கறை போறதுக்கு அது வேண்டியதில்லீங்க” என்றார். ஒற்றிக்கொண்டிருந்த துணியைத் திருப்பிப் பிடித்தார். “அந்தப் புள்ளைக்கு வேண்டியிருக்குமோ என்னமோ.”

ஐந்தரைக்கு முதலாளி வந்தார். தரையைப் பார்த்தார். தெரிந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற ஒரு நிழல் அங்கே இருந்தது, அவ்வளவுதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு கண்ணாடியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, யாரோ பண்ணுன தப்புக்கு இந்தத் தம்பி வெயிலுல நிக்கறாப்பல பாருங்க. இப்படித்தான் இருக்கோணும்” என்று அட்மின் அதிகாரியிடம் சொன்னார்.

அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள ஒரு நொடி எனக்கு ஆசையாக இருந்தது. அக்கா முதுகைக் காட்டியபடி பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான்தான் சார் கொட்டினேன்” என்றேன். “சோப்புப் போட்டதும் நான்தான். அந்தப் பொண்ணு இல்ல.”

முதலாளி சத்தம் போடவில்லை. “சாப்பாடா? இங்கியா?” என்று மட்டும் கேட்டார். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தார். “நாளைக்கு நீங்க பேச வேண்டாம். டையிங்குக்குப் போயிருங்க.” சாயப்பட்டறையில் நீராவிக்கு நடுவில் நான்கு மாதம் நின்றேன். வாடிக்கையாளரிடம் வேறொருவர் பேசினார். என்னைவிட நன்றாகப் பேசினாராம்.

அந்தப் பெண்ணை நாலு மணி வேனிலேயே அனுப்பியிருந்தார்கள். அட்மின் அதிகாரி மறுநாள் ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். திருப்பூரில் வேலைக்கு ஆள் தேடுவதுதான் சிரமம். நான் ஒரு வாழ்க்கையையே கெடுத்துவிட்டதாக எண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன். அவள் அதற்குள் அங்கே செக்கிங் பிரிவுக்குப் போய்விட்டிருந்தாள்.

அந்த வாரம் அக்கா சாயப்பட்டறை வாசலில் என்னைப் பார்த்தபோது, “ஞாயித்துக்கெழமை அந்தப் புள்ளையப் பாக்கப் போறேனுங்க. அவ குடை இங்க கெடக்குது” என்றார்.

“நானும் வரட்டுங்களா?”

“வாங்க.”

போனோம். அவள் தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. அக்கா மூன்று டீ சொன்னார். நான் ஹிந்தி தெரிந்த ஒருவரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்த நான்கு வாக்கியங்களைச் சொன்னேன். மூன்றாவது வாக்கியத்தில் மறந்துபோய்ப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்துப் படித்தேன். அவள் குடையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். பிறகு ஹிந்தியில் பேச ஆரம்பித்தாள். என்னைப் பார்த்து இல்லை, அக்காவைப் பார்த்து. நிதானமாக, நடுவில் ஒருமுறை குரல் உடைந்து, மறுபடி சரியாகி, இரண்டு நிமிஷத்துக்குக் குறையாமல் பேசினாள். விடுதிப் பெண்களோடு பழகி அக்காவுக்கு அந்தப் பாஷை பாதிக்குமேல் புரியும். அவ்வப்போது, “ஹாங், ஹாங்” என்று ஆமோதித்துத் தலையசைத்தார். ஓரிடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் முடித்ததும் நான் அக்காவைப் பார்த்தேன்.

“என்ன சொல்றாங்க அக்கா?”

அக்கா டீ கிளாஸை என் பக்கமாக நகர்த்தினார்.

“டீ ஆறுதாமுங்க. குடிங்க” என்றார்.

குடித்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது.